கறுப்பு அலமாரி: கருங்காலியா, கறுப்பேற்றிய மரமா?

சத்துவாச்சாரி மகள்:
எங்க தாத்தா ராணிப்பேட்டையில் ஒரு பங்களா ஏலத்தில் எடுத்த அலமாரி வீட்டில் இருக்கு. இடுப்பு உயரம், ரெண்டு டிராயர், கீழே ரெண்டு கதவு. கதவில் மெல்லிசா கோடு கீறி, அதில் பொன் பூசியிருக்கு. எல்லாரும் கருங்காலின்னு சொல்றாங்க. பார்த்த புரோக்கர், கறுப்பைச் சுரண்டிட்டுத் தேக்கு கலர் அடிச்சா விலை போகும்ங்கிறார். எது சரி? எந்தக் காலத்துது?

ஆம்பூர் பாய்:
டிராயரைக் கழட்டித் தூக்கிப் பாருங்கம்மா. கருங்காலித் துண்டு தண்ணியில் மூழ்கும், அவ்வளவு கனம். லேசா வந்துச்சுன்னா வேற மரம்.

குடியாத்தம் ஆசாரி:
சுரண்டாதீங்கம்மா. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

முன்பக்கத்தைப் பார்த்து எதுவும் தெரியாது. டிராயருக்கு அடியில, முதுகுப் பலகையில, கால் அடியில பாருங்க. கருங்காலின்னா நறுக்கின முனையும் கறுப்புதான். சாயம்னா எங்கேயாவது பழுப்பு தெரியும், கை படுற விளிம்பு தேய்ஞ்சிருக்கும்.

அந்தக் கறுப்பு எப்படி வருதுன்னு ஆம்பூர் பாய்க்கு நல்லாத் தெரியும். பட்டைத் தண்ணியில் ஊறின தோல்ல இரும்பு பட்டா கறுத்துடும் இல்லையா? மரத்திலும் அதேதான். காடியில் துருப்பிடிச்ச ஆணி ஊறப்போட்டுப் பூசினா, மரத்தோட துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். துவர்ப்பு குறைஞ்ச மரத்துக்கு நான் முன்னாடியே கடுக்காய்த் தண்ணி பூசிடுவேன். அதுக்கு மேல கரி கலந்த அரக்கு பாலிஷ். இந்த நிறம் மரத்துக்குள்ள இறங்கியிருக்கும். சுரண்டினா அந்த வேலையே போச்சு.

கறுப்புல பொன் கோடு இங்கிலாந்தில் 1860கள்ல இருந்து 1880கள் வரைக்கும் ஓடின பாணி. அந்த ஊர் வடிவமைப்பாளர் காட்வின் 1867 வாக்கில் வரைஞ்ச பெயர்பெற்ற சைட்போர்டே (சாப்பாட்டு அறை அலமாரி) கறுப்பேற்றிய மஹாகனிதான். அதனால மட்டமான மரத்தை மறைக்கிற வேலைன்னு நினைக்காதீங்க. அதே பாணியை நம்ம ஊர்லயும் பார்த்துச் செய்திருக்கலாம்.

வயசுக்கு ஸ்க்ரூவைக் கழட்டுங்க. நுனி மொட்டையா இருந்தா பழசு. கூர்நுனி 1850 வாக்குலதான் பரவுச்சு. ரம்பத் தடத்தை மட்டும் நம்பாதீங்க. இங்கே கைரம்பம் 20-ஆம் நூற்றாண்டிலும் ஓடுச்சு, நேர்த்தடம் இருக்குன்னா பழசுன்னு ஆகாது.

பின்னாடி மறைவான இடத்துல பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைங்க. பிசுபிசுன்னு கறுப்பு ஏறினா அரக்கு. அசையலைன்னா பிற்காலத்துப் பெயின்ட்.

சத்துவாச்சாரி மகள்:
பார்த்தேன் ஆசாரி ஐயா. டிராயர் அடி பழுப்பு. ஸ்க்ரூ கூர்நுனி. பஞ்சுல கறுப்பு வந்துச்சு. முதுகுப் பலகையில் மட்டும் உருண்டைக் கம்பி ஆணி.

குடியாத்தம் ஆசாரி:
அப்போ கருங்காலி இல்ல, கறுப்பேற்றின மரம். பாணியும் ஸ்க்ரூவும் சேர்ந்து 1870க்கும் 1890க்கும் நடுவுன்னு நான் சொல்வேன். கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டு கடைசியிலதான் பெருகுச்சு, அந்தப் பலகையைப் பிறகு யாரோ மாத்தியிருக்கலாம். உலர்ந்த துணியால தூசி தட்டுங்க, ஈரமும் ஸ்பிரிட்டும் வேண்டாம். கரையான் இருக்கான்னு கால் அடியை ஒருதரம் பாருங்க. புரோக்கர்கிட்ட பாலிஷ் வேலை எதுவும் வேண்டாம்னு சொல்லிடுங்க.