எர்லிங் ஸ்காக்கேயின் சாய்ந்த தலை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கடலோடி:
எர்லிங் ஸ்காக்கே பன்னிரண்டாம் நூற்றாண்டு நார்வேயின் பெருந்தலைவர், மன்னர் மாக்னுஸின் தந்தை. சென்ற ஜூன் மாதம் ட்ரொன்ட்ஹெய்மில், 1179இல் அரியணைக்குப் போட்டியிட்ட ஸ்வேர்ரேயின் படையோடு நடந்த போரில் அவர் வெட்டுண்டு விழுந்த கால்வ்ஸ்கின்னெட்டில் நின்றேன். சிலுவைப் பயணத்தின்போது மத்தியதரைக் கடலில் பகைவர் கப்பலுக்குள் பாய்ந்து கழுத்தில் வாங்கிய வெட்டு சரியாக ஆறாததால், வாழ்நாள் முழுவதும் தலையைச் சாய்த்தே வைத்திருந்தவர் அவர். ‘ஸ்காக்கே’ என்றால் சாய்ந்தவர்; அந்தச் சாய்வே அவருக்குப் பெயராயிற்று. தோற்றோடிய மகன் மாக்னுஸ், அந்த ஆபத்திலும் குனிந்து தந்தையின் குருதி படிந்த முகத்தை முத்தமிட்டான் என்கிறது ஸ்வேர்ரேயின் வரலாற்றைச் சொல்லும் பழைய நோர்ஸ் உரைநடை நூலான சாகா. அப்போதும் அந்தத் தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்ததா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

வடதிசை:
கடலோடி அவர்களே, அந்த மகனை ஐந்து வயதில் அரியணை ஏற்றிப் போருக்குள் தள்ளியவரே அந்தத் தந்தைதான். எர்லிங் அரச குருதியில் பிறந்தவர் அல்லர். மனைவி கிறிஸ்தின் மன்னர் சிகுர்தின் மகள் என்பதையே பிடியாகக் கொண்டு, திருச்சபையைத் துணைக்கழைத்து மகனுக்கு முடிசூட்டுவித்தார். எர்லிங்கின் அடக்கத்தில் ஸ்வேர்ரே பேசிய பேச்சே என்னை உலுக்கியது. மாக்னுஸுக்காக மடிவோர் சொர்க்கம் புகுவர் என்று பேராயர் வாக்களித்திருந்ததைச் சுட்டிக்காட்டி, இன்று எத்தனையோ பேர் புனிதர்களாகிவிட்டனர் என்று பிணங்களின் நடுவே நின்று எள்ளினார் அவர். அன்றிரவு என்னால் மேலே படிக்க இயலவில்லை. அந்தச் சாகாவின் தொடக்கப் பகுதியை மடாதிபதி கார்ல் யோன்சோன் எழுதியபோது, எதை எழுதுவதென்று அருகிலிருந்து முடிவு செய்தவரும் அதே ஸ்வேர்ரேதான். வென்றவர் தரப்பு நூலில் உள்ள முத்தத்தை அப்படியே நம்பலாமா?

பனித்துளி:
வடதிசை அவர்களே, முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. ட்ரொன்ட்ஹெய்மில் ஸ்வேர்ரே கட்டிய ஸ்வேர்ரெஸ்போர்க் கோட்டையின் கிணற்றருகே நின்றபோது என் கைகள் சில்லிட்டன. 1197இல் ஸ்வேர்ரேயை எதிர்த்த பாக்லர் படையினர் ஒரு பிணத்தை அக்கிணற்றில் எறிந்து மேலே கற்களைக் குவித்தனர் என்று அதே சாகா கூறுகிறது. அங்கே 1938இல் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் மரபணு ஆய்வு 2024இல் வெளிவந்தது.

போகிறவர்கள் முதலில் பேராலயத்தைப் பாருங்கள். கால்வ்ஸ்கின்னெட் அதனருகிலேயே இருக்கிறது. கோட்டை மேற்கே மேட்டில், திறந்தவெளி அருங்காட்சியகத்தோடு இருக்கிறது. இரவிலும் வெளிச்சம் நீடிக்கும் ஜூன் மாதமே ஏற்றது. நாள் கிடைத்தால் தெற்கே சோக்னே ஃபியோர்டு என்னும் நீண்ட கடற்கழிக்கும் சென்று, ஃபிம்ரெய்தே கரையில் சிறிது நேரம் இருங்கள். தந்தையை முத்தமிட்ட அந்த மாக்னுஸ், 1184 ஜூன் 15 அன்று ஸ்வேர்ரேயோடு நடந்த கடற்போரில், ஆட்கள் நிறைந்த கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கியபோது அந்த நீரில்தான் இறந்தான்.