மழைக்கு முன்னால் வடிகால்: எங்கள் தெருக் குழுவில்

அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை காலை 7 மணிக்கு நம் தெரு மழைநீர் வடிகாலைத் தூர்வார நகராட்சி ஆட்கள் வருகிறார்கள். துப்புரவு ஆய்வாளரிடம் பேசிவிட்டேன். வாசலில் வண்டி நிறுத்தாமல் வழி விடுங்கள்.

டீச்சர்: நல்ல செய்தி சார். போன நவம்பரில் எங்கள் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். மாமியாரை நாற்காலியோடு தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினோம்.

மளிகை அண்ணாச்சி: தூர்வாருவது வருசா வருசம் நடக்கிறது. வாரிய சகதியை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மழை அடித்தால் எல்லாம் திரும்ப உள்ளே. அதற்கு முதலில் வழி பண்ணுங்கள்.

செயலாளர்: கேட்டேன் அண்ணாச்சி. ஈரத்தோடு ஏற்றினால் வழியெல்லாம் ஒழுகுமாம். ஒரு நாள் நீர் வடியவிட்டு, வெள்ளிக்கிழமை டிராக்டர் அனுப்புவதாகச் சொன்னார். வராவிட்டால் நான் போய் நிற்கிறேன்.

ஓவர்சியர் சார்: நேற்று சாயங்காலம் தெரு முனையிலிருந்து வாய்க்கால் வரை வடிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பிள்ளையார் கோயில் வரை திறந்திருக்கிறது. அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு சிமெண்ட் சாய்தளம். கார் ஏற வேண்டும் என்று வடிகால் மேலேயே கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறோம். ஆட்கள் மண்வெட்டியை எங்கே விடுவார்கள்? திறந்த இடத்தில் வாரிவிட்டுப் போவார்கள். மூடிய இடத்தில் மண் அப்படியே இறுகிக் கிடக்கும். தண்ணீர் அங்கே வந்து முட்டி, டீச்சர் வீட்டு வாசலில் ஏறுகிறது. இதைச் சரி செய்யாமல் எத்தனை தரம் தூர்வாரினாலும் பிரயோஜனம் இல்லை.

தினேஷ்: சார், எங்கள் வீட்டுச் சாய்தளமும் அதில் ஒன்று. கட்டும்போது மேஸ்திரி அப்படித்தான் போட்டார். முழுக்க உடைக்க வேண்டுமா?

ஓவர்சியர் சார்: வேண்டாம் தம்பி. வடிகாலுக்கு நேர் மேலே இருக்கிற பட்டையை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். அந்த இடத்துக்கு இரண்டடி அகலத்தில் தனித்தனி சிலாப் வார்த்து, இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி விடச் சொல்லுங்கள். கடப்பாரையால் நெம்பி நகர்த்திவிடலாம். கார் ஏறும் இடம், அதனால் கம்பி நெருக்கமாகக் கட்ட வேண்டும். சிலாப் இறுகுகிற வரைக்கும் கனமான இரும்புத் தகடு போட்டுக்கொள்ளலாம்.

தினேஷ்: சரி சார். கொத்தனாரிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

மாடிவீட்டு அக்கா: அப்படியே கொசுப்புகை அடிக்கவும் சொல்லுங்களேன். போன வருசம் டெங்கு வந்து எங்கள் பையன் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. எல்லாம் இந்தச் சாக்கடையால் வந்தது.

சிஸ்டர்: அக்கா, டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது. அதற்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் வேண்டும். மூடாத டிரம், பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, இவைதான் அதன் இடம். கடிப்பதும் பெரும்பாலும் பகலில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, முட்டை பாத்திரத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். அது ராத்திரியில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். அதனால் வடிகாலும் முக்கியம், உங்கள் மொட்டை மாடியும் முக்கியம்.

மாடிவீட்டு அக்கா: மாடியில் இரண்டு டயர் கிடக்கிறதும்மா. இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.

ஓவர்சியர் சார்: வடிகால் போய் விழுகிற வாய்க்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நகராட்சியுடையது அல்ல, நீர்வளத்துறையுடையது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறக்கிறார்கள். சம்பாவுக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும்போது நம் வடிகால் வாய் முங்கிவிடும். அந்த நேரம் பார்த்து வடகிழக்குப் பருவமழை கொட்டினால் நம் தண்ணீர் எங்கே போகும்? போதாக்குறைக்கு வாயை அடைத்துக்கொண்டு ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் நிற்கின்றன. அதையாவது முதலில் எடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை வேலையும் அந்த வாயிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேலேயிருந்து வாரிக்கொண்டு வந்தால் சகதி கீழே போய் அடைத்துக்கொள்ளும்.

செயலாளர்: அப்படியானால் மனு இரண்டாக எழுத வேண்டும். வடிகாலுக்கு நகராட்சிக்கு ஒன்று, வாய்க்காலுக்கு நீர்வளத்துறைக்கு ஒன்று. சார், நீங்கள் வாசகம் எழுதிக் கொடுங்கள், நாளை திங்கள்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலேயே கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுகிறேன். வடிகால் வாயை யாராவது போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

தினேஷ்: நான் போகிறேன் சார். வண்டியில் ஐந்து நிமிடம்.

டீச்சர்: ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். போன முறை தூர்வார வந்த அம்மா கையுறை இல்லாமல் குழந்தை டயப்பரை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். உடைந்த பாட்டில் விரலைக் கிழித்துவிட்டது. எங்கள் திண்ணையில் உட்காரவைத்துக் கழுவிக் கட்டினேன். "பழகிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கிவிட்டார். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். டயப்பரும் கண்ணாடியும் நம் வீடுகளிலிருந்து போனவைதானே? காலையில் குப்பை வண்டி வருகிறது. மட்கும் குப்பை, மட்காத குப்பை தனித்தனியாகக் கொடுங்கள். டயப்பர், நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். வடிகாலில் போடாதீர்கள்.

சிஸ்டர்: அந்தக் காயத்துக்கு டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும் டீச்சர். வியாழக்கிழமை நான் முதலுதவிப் பெட்டியோடு வருகிறேன். டூட்டி மதியம்தான்.

ஓவர்சியர் சார்: டீச்சர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் வீடு என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு இடத்தில் செப்டிக் டேங்க் வழிகிற குழாய் மழைநீர் வடிகாலுக்குள் வருகிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளவைப்பதை 2013ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. கழிவு கலந்த திறந்த வடிகாலும் அதில் அடக்கம். நாம் குழாயை விட்டுவிட்டு அவர்களை இறங்கச் சொல்வது பெரிய அநியாயம். டேங்க்கை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் காலி செய்துவிட்டால் வழியாது. 14420க்குப் போன் செய்து உரிமம் உள்ள லாரியைக் கூப்பிடலாம்.

11ஆம் நம்பர் வீடு: சார், எங்கள் வீட்டில் செவ்வாய்க்கிழமை லாரி வரச் சொல்லிவிட்டோம். குழாயையும் அடைத்துவிடுகிறோம்.

ஓவர்சியர் சார்: ரொம்ப சந்தோஷம் தம்பி.

தினேஷ்: வடிகால் வாய் போட்டோ அனுப்பியிருக்கிறேன். செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கொத்தனார் நாளை காலை கட்டிங் மெஷினோடு வருகிறார். ஒரே நாளில் நாலைந்து வீடு முடித்துவிடலாம் என்கிறார். வேறு யாருக்கு வேண்டும்?

டீச்சர்: எங்கள் வீட்டுக்கும்.

மாடிவீட்டு அக்கா: எங்களுக்கும் தம்பி. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

மளிகை அண்ணாச்சி: கடை வாசலையும் வெட்டச் சொல்லுங்கள். அப்புறம், வியாழக்கிழமை வருகிறவர்களுக்குக் கையுறையும் காலையில் டீயும் என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள் செயலாளர்.

செயலாளர்: கேட்டுச் சொல்கிறேன் அண்ணாச்சி. கார் வைத்திருப்பவர்கள் புதன்கிழமை ராத்திரியே கோயில் திடலில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். டிராக்டர் திரும்ப இடம் வேண்டும்.