பெண் பிள்ளைகளின் கபடிக் குழு: சங்கப் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் 26,000 ரூபாயா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அலங்காநல்லூர் பக்கம். கண்மாய்க்கரைத் திடலில் மூன்று வருடமாக 22 பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிறேன். ஆறாவது படிக்கிறவள் முதல் பன்னிரண்டாவது படிக்கிறவள் வரை இருக்கிறார்கள். மாதம் ஆளுக்கு 30 ரூபாய் வாங்குகிறேன். கோடு போடச் சுண்ணாம்பு, ஐஸ், கட்டுத்துணி வாங்க அது சரியாக இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி பாடிப் போய், போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினாள். எதிர்ப்பக்கம் கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். உடம்பு திரும்பியது, முழங்கால் திரும்பவில்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, அப்பாகிட்ட சொல்லிராதீங்க." வலிக்கிறது என்றுகூட அப்புறம்தான் சொன்னாள்.

அப்பா நாட்டுக்கட்டு போடுகிறவரிடம் தூக்கிப் போனார். இரண்டு வாரம் கழித்தும் வீக்கம் வற்றாததால் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். கடன் வாங்கித்தான். அவர் என்னைத் திட்டவில்லை. "இதுக்கு எங்கயாச்சும் எழுதிக் குடுத்தா ஏதும் கெடைக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதிலிருந்து ஐந்து வீட்டில் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

இதற்கு நடுவில், நாங்கள் ஆட நினைக்கும் ஒரு போட்டியில் சங்கப் பதிவு எண்ணும் காப்பீட்டு நகலும் கேட்கிறார்கள். நான் பத்திரம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன், இங்கே கிடையாது என்றார்கள். வெளியில் இருந்த ஒருவர் பதிவுக்கு 15,000, காப்பீட்டுக்கு 11,000 ஆகும், எல்லாம் நானே முடித்துத் தருகிறேன் என்றார். ஆளுக்கு 1,180 ரூபாய்க்கு மேல் வருகிறது. களையெடுக்கப் போகிற அம்மாக்களிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்டால் ஐந்து பிள்ளைகள்கூட மிஞ்ச மாட்டார்கள்.

உண்மையிலேயே இவ்வளவு செலவாகுமா? 18 வயது ஆகாத பிள்ளைகளுக்கு எந்தக் காப்பீடு எடுக்க முடியும்?

மேலூர்த் தம்பி:

அக்கா, 15,000 கொடுத்துவிடாதீர்கள். அவசரப்பட வேண்டாம். இந்த வருடம் பிள்ளைகள் ஆட வேண்டும் என்பதுதான் கவலை என்றால் முதலமைச்சர் கோப்பைக்குப் பதியுங்கள். பள்ளிப் பிரிவு 12 முதல் 19 வயது வரை. கபடி உண்டு, இணையத்தில் பதியக் கட்டணம் கிடையாது, சங்கப் பதிவும் கேட்பதில்லை. மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்த்தால் தேதி சொல்வார்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் பையன்கள் அணிக்குப் பனியனிலிருந்து வேன் வாடகை வரைக்கும் திருவிழாக் கமிட்டியே பார்த்துக்கொள்கிறது. அவர்களிடம் யாரும் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டதில்லை. பெண் பிள்ளைகள் என்றதும் எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையில் வைக்கிறார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

அம்மா, பதிவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். சங்கம் பதிவது சார்பதிவாளரிடம் அல்ல, மாவட்டப் பதிவாளரிடம். மதுரையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டம். உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். பதிவுத் துறையின் இணையதளத்திலும் சங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். பிள்ளைகளை உறுப்பினராகப் போடாதீர்கள். ஏழு அம்மாக்கள் கையெழுத்துப் போடட்டும், பிள்ளைகள் வீராங்கனைகள் என்று தனிப் பதிவேட்டில் இருக்கட்டும். நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. வேண்டியது பைலா (சங்கத்தின் விதிமுறைகள்), எழுவரின் அடையாளச் சான்று, சங்க முகவரியாகக் காட்டும் வீட்டின் வரி ரசீது, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். அரசுக்குக் கட்டும் கட்டணம் அவர் கேட்ட தொகையில் சிறு பங்குதான். மீதியெல்லாம் பைலா எழுதுகிற கூலியும் அலைச்சல் கூலியும். பைலாவை நீங்களே எழுதலாம். பதிவான ஏதாவது ஓர் இளைஞர் மன்றத்தின் பைலாவை வாங்கி, நோக்கம் என்ற பகுதியை உங்களுக்குத் தக்கபடி மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெயரில் "இந்திய", "தமிழ்நாடு", "தேசிய" என்று அரசாங்கத்தோடு சம்பந்தம் இருப்பதுபோல் எதையும் சேர்க்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பெயரே போதும்.

பதிந்த பிறகுதான் வேலை. வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நான் பார்த்த வரையில் முதல் வருடம் ஆசையாகப் பதிந்துவிட்டு மூன்றாவது வருடம் விட்டுவிடுகிற சங்கங்கள்தான் அதிகம். தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். நோட்டுப் போட்டு எழுதப் பொறுமையுள்ள ஒரு அம்மாவைச் செயலாளர் ஆக்குங்கள்.

கண்மாய்க்கரை:

ரொம்ப நன்றி ஐயா. "தமிழ்நாடு வீரமங்கைகள்" என்றுதான் பெயர் வைத்திருந்தோம், மாற்றிவிடுகிறேன். காப்பீட்டுக்கு மட்டும் வழி தெரியவில்லை. அந்த 11,000 கேட்டவரிடம், முழங்கால் பிசகினால் பணம் வருமா என்று கேட்டேன். "விளையாட்டுன்னாலே வராதும்மா" என்றார். வராது என்றால் எதற்கு 11,000?

பாலிசி அக்கா:

தங்கச்சி, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் 24 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"விளையாட்டு என்றாலே வராது" என்பது தப்பு. மருத்துவக் காப்பீட்டில் எல்லா நிறுவனமும் போடுகிற விலக்கு ஒன்று உண்டு. ஆபத்தான, சாகச விளையாட்டுகளில் தொழில்முறையாக ஈடுபட்டுக் காயம் பட்டால் பணம் கிடையாது என்பது அது. பாறை ஏறுவது, வானத்திலிருந்து குதிப்பது மாதிரி. "தொழில்முறையாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் சம்பளத்துக்கு ஆடவில்லை. கபடிக்கு நாடு முழுக்க இருக்கிற அமைப்பின் பெயரிலேயே அமெச்சூர் என்றுதான் இருக்கிறது. ஆனால் விபத்துப் பாலிசியில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு வாசகம் போட்டிருக்கலாம், அதனால் வாய்வார்த்தையை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், உங்களிடம் 11,000 கேட்டது அநேகமாகக் குழு விபத்துப் பாலிசிக்கு. அதில் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் முக்கியமாகப் பணம். தற்காலிகமாக நடக்க முடியாமல் போனால் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு பிரிவு இருக்கும், அது சம்பாதிக்கிறவர்களுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதனால் பிரயோசனமில்லை, அதற்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு வந்தது முழங்கால் பிசகு. அதற்கு வேண்டியது விபத்து மருத்துவச் செலவு என்ற கூடுதல் பிரிவு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில பாலிசியில் உயிரிழப்பு அல்லது ஊனத்துக்குப் பணம் கொடுத்தால்தான் அதில் ஒரு பங்கு மருத்துவச் செலவுக்கு என்று கட்டிவைத்திருப்பார்கள். அப்படியானால் ஜவ்வு கிழிந்ததற்கு ஒரு ரூபாய் வராது. "ஊனம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டா?" என்று இதே வார்த்தையில் கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே எவ்வளவு தொகை வரை தருவார்கள், பயிற்சிக்கும் பயணத்துக்கும் சேருமா, நடுவில் பிள்ளை மாறினால் பெயரைச் சேர்க்கலாமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முன்பு எங்கள் அலுவலகத்துக்கு இப்படிக் கேட்டு வருகிற கடிதம் ரொம்பக் குறைவு. வந்தால் கவனமாகத்தான் பதில் எழுதுவோம்.

குழு பாலிசிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரியை நீக்கியதைக் கேள்விப்பட்டு இதற்கும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீட்டுக்காக மட்டுமே ஒரு குழுவைக் கூட்டவும் முடியாது. அதனால் சங்கப் பதிவு முதலில், பாலிசி அடுத்து. பிரீமியம் நிறுவனத்தின் கையில் சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு ஆரம்பிக்கும், அது சட்டம். போட்டி சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடுவில் இருப்பவரிடம் பணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ரசீது வாங்குங்கள்.

குழுவாக முடியாவிட்டால் சரல் சுரக்ஷா பீமா என்று ஒன்று இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனமும் ஒரே வாசகத்தில் விற்கிற விபத்துப் பாலிசி. அப்பாவோ அம்மாவோ எடுத்துப் பிள்ளைகளைச் சேர்க்கலாம். காப்பீட்டுத் தொகை குறைந்தது இரண்டரை லட்சம். கூடுதலாகக் கட்டினால் விபத்து ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் 10 சதவீதம், அதாவது 25,000 வரை கிடைக்கும்.

20 ரூபாய்த் திட்டத்தை யாராவது சொல்வார்கள். பிரதமரின் விபத்துக் காப்பீடு, 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 20 ரூபாய் எடுப்பார்கள். உயிரிழப்புக்கு 2 லட்சம். மருத்துவச் செலவு கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு வயது பற்றாது. ஆனால் அந்த அம்மாக்கள் எல்லோருக்கும் போட்டுவிடுங்கள்.

ராத்திரி டூட்டி:

நான் ஒரு ஆஸ்பத்திரியில் செவிலியர். பாலிசி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடிபட்டதும் முதலில் நாட்டுக்கட்டுக்குப் போனால், பிறகு எந்தக் காப்பீட்டுக்கும் காகிதம் இருக்காது. 108க்குக் கூப்பிடுங்கள், காசு இல்லை. அவசரப் பிரிவில் எங்கே, எப்படி அடிபட்டது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அதன் நகலை ஏஆர் காப்பி என்போம், அதை வாங்கி வையுங்கள். பயத்தில் "படியில் விழுந்துட்டா" என்று சொல்லிவிடாதீர்கள். கபடி ஆடும்போது என்றே சொல்லுங்கள். அன்றைக்கு எழுதினதை நாங்கள் பிறகு மாற்ற முடியாது.

அந்தப் பிள்ளையின் வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் கிடைக்கும். விளையாட்டில் அடிபட்டதா வேறெங்கும் அடிபட்டதா என்பது பிரச்சினை இல்லை, பட்டியலில் உள்ள சிகிச்சையா என்பதுதான் பார்ப்பார்கள். ஜவ்வு அறுவை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். தனியாரிடம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

வாடிப்பட்டி அப்பா:

என் மகளும் எங்கள் ஊர்க் குழுவில் ஆடுகிறாள், அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பணம் முடை வந்தால் முதலில் நிற்பது மகளின் சந்தாதான். மகனின் டியூஷன் நிற்காது. நான் செய்ததுதான் இது, மறைக்கவில்லை. ஒரு மாதம் 50 ரூபாய் கொடுக்காமல் இருந்தபோது அவள் பயிற்சிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டாமல் போனால் பயிற்சி கொடுக்கிற அக்கா கேட்பாரே என்று. அதனால் காப்பீட்டுப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்காதீர்கள். ஊர்க் கூட்டத்தில் சங்கத்தின் பெயரில் மொத்தமாகக் கேளுங்கள். திருவிழா வரியில் நாங்களும்தான் கொடுக்கிறோம், எங்கள் பெண் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. தேவையென்றால் நான் வந்து பேசுகிறேன் அம்மா.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஏழு அம்மாக்கள் சேர்ந்துவிட்டார்கள். அடிபட்ட பிள்ளையின் அம்மாவும் அதில் ஒருவர், அவரே கேட்டு வந்தார். அவர்கள் வீட்டில் காப்பீட்டு அட்டை இருந்திருக்கிறது. பெட்டிக்குள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்தது, எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது ராஜாஜி ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். அறுவை வேண்டாம், மூன்று மாதம் முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஸ்கேனுக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே இருக்கிறது.

பைலாவை நானே எழுதினேன், எழுத்தர் ஐயா போனில் திருத்தினார். இரண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் கொடுத்தேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. பயிற்சியும் போட்டியும் சேரும், ஊனம் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிச் செலவு உண்டு, 22 பேருக்கு வரியோடு 4,800 ரூபாய் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். பாலிசி அக்கா, அந்தக் கடிதத்தை உங்களுக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன், ஒரு தடவை பாருங்கள். ஊர்க் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. வாடிப்பட்டி அண்ணன் அவசியம் வர வேண்டும், எனக்கு அங்கே நின்று பேசிப் பழக்கமில்லை.

வராமல் நின்ற ஐந்து பேரில் இரண்டு பேர் நேற்று வந்தார்கள். புதன்கிழமை காலை 10 மணிக்கு ஏழு அம்மாக்களோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போகிறோம். எல்லோரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள், அதனால் எந்தக் காகிதமும் குறையக் கூடாது. ஐயா, வீட்டுக்காரர் சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்து மட்டும் போதுமா, சாட்சிக் கையெழுத்தும் வேண்டுமா?

ஓய்வுபெற்ற எழுத்தர்:

இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும், இருந்தால் நல்லதுதான். அசல் அடையாள அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள் அம்மா. நான் பத்து மணிக்கு வாசலில் இருப்பேன்.