உதட்டு ஃபில்லருக்குப் பிறகு: வீக்கத்தைக் கவனிப்பதா, நிறத்தைக் கவனிப்பதா?

கோவைக்காரி (திரியைத் தொடங்கியவர்)

என் தங்கைக்கு 26 வயது. மூன்று வாரத்துக்கு முன் மேலுதட்டில் ஃபில்லர், அதாவது உதட்டைத் தடிப்பாகக் காட்ட ஊசியால் ஏற்றும் ஜெல், போட்டுக்கொண்டாள். முடிந்ததும் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். ஐஸ் ஒத்தடம் வை, 24 மணி நேரத்துக்கு லிப்ஸ்டிக் வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், சூடாகக் குடிக்காதே, இரண்டு நாள் ஜிம்முக்குப் போகாதே, தலையணையை உயர்த்தி மல்லாந்து படு, வீக்கம் இருக்கும், பயப்படாதே. அவ்வளவுதான். எல்லாம் சரியான யோசனைகள். எதையும் நாங்கள் மீறவில்லை. காபியைக்கூட ஆற வைத்துத்தான் கொடுத்தேன்.

ஊசி போட்டது மாலை 5 மணிக்கு. ராத்திரி 9 மணிக்கு இடது பக்கம் வலி கூடிக்கொண்டே போனது. செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. கிளினிக்குக்கு போன் செய்தோம். எடுத்த பெண் "வீக்கம்தான் மேடம், ஐஸ் வைங்க, காலையில சரியாயிடும்" என்றார். தாளிலும் அதுதானே இருந்தது? விடிய விடிய ஐஸ் வைத்தோம். காலையில் பார்த்தால் உதட்டிலிருந்து மூக்கோரம் வரை வலை பின்னின மாதிரி ஊதாக் கோடுகள்.

வேறொரு தோல் மருத்துவரிடம் ஓடினோம். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார், ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது என்று. கரைக்கும் மருந்தை அன்றைக்கே மூன்று தடவை போட்டார். மிளகு அளவுக்குத் தோல் கருகி உதிர்ந்தது. இப்போது ஆறிவிட்டது.

நான் சொல்வது இதுதான். அந்தத் தாளின் முதல் வரி ஐஸைப் பற்றி இருக்கக் கூடாது. "உதட்டின் நிறத்தைப் பார், நிறம் மாறினால் ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு" என்று இருக்க வேண்டும். லிப்ஸ்டிக், ஸ்ட்ரா எல்லாம் அதற்கு அப்புறம்.

செம்பருத்தி

உங்கள் தங்கைக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதை எல்லோருக்கும் முதல் வரியாகப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

நான் ஐந்து முறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாள் காலையில் கண்ணாடி பார்த்தால் அழுகை வரும். அவ்வளவு வீக்கம். ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. கீழுதட்டில் நாவல்பழ நிறத்தில் ரத்தக்கட்டு. முதல் தடவை எனக்குத் தேவைப்பட்டது தைரியம்தான். நான்காம் நாள் இறங்க ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் படிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். அந்த நிலையில் "ரத்தக்குழாய் அடைப்பு, தோல் கருகும்" என்று கையில் கொடுத்தால், ரத்தக்கட்டு வந்த ஒவ்வொரு பெண்ணும் நடுராத்திரி கேஷுவாலிட்டியில் நிற்பாள்.

என் அனுபவத்தில் உதவியது ஐஸ், வாசலின், மூன்றாம் நாளிலிருந்து தேங்காய் எண்ணெய் தொட்டு லேசான மசாஜ். சின்னச் சின்ன உருண்டை மாதிரி தட்டுப்பட்டதெல்லாம் மசாஜில்தான் கரைந்தது.

கோவைக்காரி

அக்கா, அரிது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ரத்தக்கட்டையும் அடைப்பையும் பிரித்துப் பார்க்க இரண்டு வரி போதாதா? ரத்தக்கட்டு திட்டாக இருக்கும், ஊசி குத்தின இடத்தில் இருக்கும், நாளாக ஆக மஞ்சளாகும். என் தங்கைக்கு வந்தது முதலில் வெளுப்பு, அப்புறம் வலை மாதிரி கோடு, தொட்டால் மற்ற பக்கத்தைவிடக் குளிர்ச்சி. இது எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் 9 மணிக்கே வேறு டாக்டரைத் தேடியிருப்போம்.

லண்டன் நர்ஸ்

எட்டு வருடமாக ஃபில்லர் போடுகிற கிளினிக்கில் வேலை. ராத்திரி போன் என்னிடம்தான் இருக்கும். கோவைக்காரி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வீட்டில் இருப்பவர்களை வைத்துச் சோதனை செய்யச் சொல்வதில் எனக்குப் பெரிய தயக்கம் உண்டு.

காரணம் பீதி இல்லை. பொய்யான நிம்மதி. உதட்டை விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்தால், வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும் என்று நாங்கள் பார்ப்போம். புதிதாகக் குத்தி வீங்கிய உதட்டில், டியூப்லைட் வெளிச்சத்தில், பயந்துபோன அம்மா அதைச் செய்தால் என்ன ஆகும்? "நிறம் வந்துவிட்டது, பரவாயில்லை" என்று படுத்துவிடுவார்கள். ஃபில்லரிலேயே மரத்துப்போகும் லிடோகெய்ன் கலந்திருப்பது வழக்கம். அதனால் அடைப்பு இருந்தும் முதலில் வலி இல்லாமல் போகலாம். ஆகவே தாளில் ஒன்றே ஒன்று போதும்: "சந்தேகம் வந்தால் இந்த எண்ணுக்குப் போட்டோ அனுப்பு." தீர்மானம் எங்களுடையது.

இங்கே இங்கிலாந்தில் 2021 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது சட்டப்படி குற்றம். ஆனால் போடுகிறவர் மருத்துவராகவோ நர்ஸாகவோ இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சலூனில் போட்டுக்கொண்டு, கரைக்கும் மருந்து அங்கே இல்லாமல் எங்களிடம் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தாளில் என்ன எழுதினாலும் பயனில்லை. எண்ணுக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லையே.

கோவைக்காரி

நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கும் எண்ணுக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் இல்லை. ரிசப்ஷன் பெண்தான் இருந்தார். போட்டோ கேட்கவேயில்லை. அதனால்தான் வீட்டில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

முத்துவேல்

எனக்குப் புரியாதது ஒன்று. நல்லா இருக்கிற உதட்டில் ஊசி போட்டு, அப்புறம் அதைக் காப்பாற்ற இத்தனை பாடு எதற்கு? போடாமல் இருப்பதுதான் முதல் பராமரிப்பு.

கயல்விழி

முத்துவேல் அண்ணா, நான் பிறக்கும்போதே உதட்டுப் பிளவோடு பிறந்தவள். குழந்தையில் ஆபரேஷன் செய்தார்கள். தழும்பு இருந்த பக்கம் மேலுதடு ஒல்லியாக, உள்ளே இழுத்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கும்போதெல்லாம் கையை வாய்மேல் வைத்துக்கொள்வேன். 31 வயதில் அரை மி.லி. போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதோம். எல்லோருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது.

எனக்குப் போட்டவர் முன்பே சொல்லிவிட்டார், தழும்பு இருக்கிற இடத்தில் ரத்தக்குழாய் வழக்கமான தடத்தில் ஓடாது, அதனால் அன்று ராத்திரி தனியாக இருக்காதே என்று. அண்ணி கூடவே இருந்து இரண்டு மணிக்கொரு தடவை பார்த்தார். அது எனக்குப் பயமாக இல்லை. ஆதரவாகத்தான் இருந்தது.

மதுரை ஸ்கின் டாக்டர்

இரண்டு தரப்பையும் படித்தேன். நர்ஸ் அம்மா சொல்கிற பொய்யான நிம்மதி உண்மையான ஆபத்து. ஆனாலும் நான் கோவைக்காரி பக்கம்தான் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு.

"உதடு வெளுத்தால் கூப்பிடு" என்று எழுதின தாள்கள் இளஞ்சிவப்பு உதட்டை மனதில் வைத்து எழுதினவை. நம்மில் பலருக்கு உதடு மாநிறம், சிலருக்குக் கருமை. கருத்த உதட்டில் வெளுப்பு வெளியே தெரியாது. கோவைக்காரி பார்த்த "சாம்பல் பூத்த மாதிரி" என்ற சொல்தான் சரியான சொல். அதனால் நான் என் நோயாளிகளிடம் உதட்டை மடக்கி உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். உள்தோல் பெரும்பாலானவர்களுக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒப்பிட வேண்டும். மஞ்சள் பல்பு வேண்டாம், வெள்ளை வெளிச்சம். கலர் உள்ள லிப் பாம் அன்றைக்குக் கூடாது. கிளம்புமுன் எங்கள் கிளினிக்கிலேயே உள்ளும் புறமும் ஒரு போட்டோ எடுத்து அவர்கள் போனில் வைத்துவிடுகிறோம். ராத்திரி சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று வேண்டுமே.

ஐஸ் விஷயம். நிறம் சரியாக இருக்கும்வரை துணியில் சுற்றி பத்து நிமிடம் வைக்கலாம், எடுத்துவிட்டு இடைவெளி விடலாம். நிறத்தில் சந்தேகம் வந்த நொடியே ஐஸை எடுத்துவிட வேண்டும். குளிர்ச்சி ரத்தக்குழாயைச் சுருக்கும், ஏற்கெனவே ஓட்டம் குறைந்த இடம் அது. அப்போது நாங்கள் செய்வது நேர் எதிர்: வெதுவெதுப்பான ஒத்தடம், மசாஜ், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரைக்கும் ஊசி. அந்த மருந்தின் பெயர் ஹையலூரானிடேஸ். கண் ஆபரேஷனில் மரத்துப்போகும் ஊசியோடு சேர்க்கிற அதே மருந்து. தேனீ, குளவி கொட்டி உடம்பு முழுக்க ஒவ்வாமை வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: இரண்டு உதடும் திடீரென்று வீங்கி, நாக்கு தடித்து, மூச்சு முட்டினால் அது ஒவ்வாமை. போட்டோ அனுப்பிக் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

செம்பருத்தி அவர்களுக்கு: முதல் இரண்டு வாரத்தில் கைக்குத் தட்டுப்படுகிற உருண்டைகளில் பெரும்பாலானவை வீக்கம்தான், தானே இறங்கியிருக்கும். நீங்களாக அழுத்தினால் ஃபில்லர் உதட்டு விளிம்பைத் தாண்டி மேலே நகரலாம். போட்டவர் செய்துகாட்டிச் சொன்னால் ஒழிய வீட்டில் மசாஜ் வேண்டாம். குத்தின துளைகள் மூடும்வரை, அதாவது முதல் நாள், வீட்டு எண்ணெய், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

செம்பருத்தி

டாக்டர், ஐந்து முறையும் எனக்கு நகரவில்லை. என்னை மசாஜ் செய்யச் சொன்னதும் ஒரு டாக்டர்தான். ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறு சொன்னால் நாங்கள் யாரைக் கேட்பது?

மதுரை ஸ்கின் டாக்டர்

நியாயமான கேள்வி. இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. சிலர் மசாஜ் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். உங்கள் உதட்டில் எந்த ஃபில்லரை எந்த ஆழத்தில் போட்டார் என்பது போட்டவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னதைப் பின்பற்றுங்கள். தோழிக்குச் சொன்னதை நீங்கள் செய்ய வேண்டாம், உங்களுக்குச் சொன்னதைத் தோழிக்கும் சொல்ல வேண்டாம்.

கோவைக்காரி

எண்ணெய் பற்றிச் சொன்னீர்களே. முதல் நாள் எங்கள் அம்மாயி "புண்ணு மாதிரி இருக்கே கண்ணு" என்று வெண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தார். நான்தான் தடுத்தேன். பாவம், முகம் வாடிப்போனது. பத்தாம் நாள் தோல் உரியும்போது தடவச் சொன்னேன். அப்போது என்ன சந்தோஷம் அவருக்கு.

லண்டன் நர்ஸ்

டாக்டர் சொன்ன உட்பக்கச் சோதனையை ஒப்புக்கொள்கிறேன். முன்பே எடுத்து வைக்கும் போட்டோவும் நல்ல வழி. நாளையிலிருந்து நாங்களும் எடுப்போம். ஆனால் விரலால் அழுத்திப் பார்ப்பதைத் தாளில் போடக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. நிறம் வேறாகத் தெரிந்தால், அழுத்தாமல், யோசிக்காமல் கூப்பிடட்டும். சூடு ஒத்தடத்தையும் எழுதாதீர்கள். ஒரே தாளில் ஐஸும் சூடும் இருந்தால், சாதாரண வீக்கத்துக்கும் வெந்நீர் வைத்து இன்னும் வீங்க வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருகிறவர்கள் அதை ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். ஹெர்பீஸ் வைரஸ் அது, குத்தின அதிர்ச்சியில் திரும்ப வரும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாம். பல் கிளீனிங்கை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.

மதுரை ஸ்கின் டாக்டர்

அழுத்திப் பார்ப்பதைத் தாளிலிருந்து எடுத்துவிடலாம், சரி. சூடு ஒத்தடத்தை போனில் நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

மல்லிகை_24

டாக்டர், ஆவணியில் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு போடலாம் என்று ஒரு பார்லரில் சொல்கிறார்கள். ஊசியே இல்லாமல் பேனா மாதிரி ஒரு கருவியால் அழுத்திப் போடுவார்களாம், வலிக்காதாம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதற்கு மூன்று நாள் கழித்து மேலுதட்டுத் திரெட்டிங். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மதுரை ஸ்கின் டாக்டர்

அம்மா, தயவுசெய்து அந்தப் பேனாவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஊசியில்லாக் கருவியால் ஃபில்லர் போடக் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2021 அக்டோபரில் வெளிப்படையாக எச்சரித்தது. காற்றழுத்தத்தில் அது எந்த ஆழத்துக்குப் போகும் என்று போடுகிறவராலேயே கட்டுப்படுத்த முடியாது. நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல், யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் பார்த்தோ கற்றது அழகியல் சிகிச்சைக்குப் போதுமான பயிற்சி ஆகாது என்று சொல்லியிருக்கிறது.

தேதியும் சரியில்லை. முகூர்த்தத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு போட வேண்டும். படிய இரண்டு வாரம், ஏதாவது சரிசெய்ய வேண்டியிருந்தால் இன்னும் இரண்டு வாரம். திரெட்டிங்கை ஊசிக்குச் சில நாள் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாகப் போட்ட மேலுதட்டை இழுத்துப் பிடித்து நூல் ஓட்டுவது கூடாது, இரண்டு வாரம் போகட்டும்.

கோவைக்காரி

மல்லிகை, டாக்டரிடமே போனாலும் ஒன்று கேளுங்கள். "கரைக்கும் மருந்து இன்றைக்கு இங்கே இருக்கிறதா? ராத்திரி போனை யார் எடுப்பார்?" நாங்கள் கேட்கவில்லை.

செம்பருத்தி

நானும் ஐந்து முறையில் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. தாளின் முதல் வரி தைரியம் சொல்வதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு மாறவில்லை. ஆனால் இரண்டாம் வரியில் கோவைக்காரியின் வரி வரட்டும்.

மல்லிகை_24

பார்லருக்கு போன் செய்தேன். கரைக்கும் மருந்து என்றால் என்ன என்று என்னிடமே கேட்டார்கள். அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார்களாம். பரவாயில்லை, போகட்டும். அம்மாவிடம் இந்தத் திரியைக் காட்டினேன், அவரும் அதையேதான் சொன்னார்.