புழுவை எண்ணினோமா, டிஎன்ஏவை எண்ணினோமா? மண் நூற்புழு ஆய்வில் பட்டவை

மண்வாசனை:
வாழைத்தோட்ட மண்ணில் நூற்புழுக்களைப் பார்த்தவள் நான். முதல் வருடம் முழுக்க புனலும் நுண்ணோக்கியும்தான். 100 கிராம் மண்ணை மெல்லிய தாளில் வைத்து, தண்ணீர் நிரப்பிய புனலின் மேல் ஒரு நாள், இரண்டு நாள் விட்டால், புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் வந்து சேரும். பார்மன் 1917-இல் சொன்ன முறை. இதைவிட மலிவாக ஒன்று இன்னும் வரவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றின் வாயையும் பார்க்க வேண்டும். வாய்க்குள் ஈட்டி இருந்தால் பெரும்பாலும் வேரையோ பூஞ்சையையோ குத்தி உறிஞ்சுவது. வெறும் குழாய் என்றால் பாக்டீரியா தின்பது. பெரிய பல் இருந்தால் வேட்டைக்காரன். வளர்ந்த புழுவில் இது சரி. இளம்புழுக்களை வைத்துக்கொண்டு இனம் சொல்வது பெரும்பாடு, என் மண்ணிலோ பெரும்பாலும் அவைதான்.

அதனால், எந்த வகைப் புழு என்று காட்டிக்கொடுக்கும் 18எஸ் மரபணுவின் டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்க அனுப்பினேன். முடிவைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. பாதிக்கு மேல் டோரிலைமிட் வகை! மண் தொந்தரவில்லாமல் கிடந்தால்தான் பெருகும் கூட்டம் அது. போங்கர்ஸ் 1990-இல் வகுத்த, தொந்தரவைத் தாங்காத புழுவுக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் முதிர்வுக் குறியீட்டில் 4, 5 மதிப்பெண் வாங்குபவை. சாணியும் தழையும் விழுந்த இடத்தில் சட்டென்று பெருகும் ராப்டிடிட்களுக்கு 1 தான். கணக்குப் போட்டால் என் வாழைத்தோட்டம் காட்டு மண்ணுக்குச் சமமாக வந்தது. அதை அப்படியே எழுதியும் விட்டேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தத் தோட்டத்துல ரோட்டவேட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கும்மா?"

மறுபடி புனல் நீரை எடுத்து எண்ணினால், டோரிலைமிட் நூற்றுக்கு ஐந்தாறுதான். நடந்தது இதுதான்: டோரிலைமிட்கள் பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்கள். ஒரு புழு இன்னொன்றைவிட மூன்று மடங்கு நீளமும் மூன்று மடங்கு தடிமனும் என்றால் உடம்பு 27 மடங்கு. உடம்பு பெருத்தால் டிஎன்ஏவும் கூடும். போதாததற்கு, இந்த மரபணு ஒரு செல்லுக்குள்ளேயே பல பிரதிகளாக இருக்கிறது, அந்த எண்ணிக்கையும் இனத்துக்கு இனம் மாறும். வந்த வரிசைகளின் எண்ணிக்கையைத் தலைக்கணக்காக எடுத்தது என் தப்பு. இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு டிஎன்ஏ, எத்தனை பேர் என்பதற்குக் கண். ஒரே இனம் இந்த வயலில் கூடுதலா அந்த வயலில் கூடுதலா என்று ஒப்பிட மட்டும் வரிசைக்கணக்கை ஓரளவு நம்புகிறேன்.

கால் கிராம்:
அக்கா, நீங்கள் புனலாவது வைத்தீர்கள். நான் சோம்பல்பட்டு மண்ணிலிருந்தே நேராக டிஎன்ஏ எடுத்தேன். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் அந்த கிட்டில் கால் கிராம் மண்தான் பிடிக்கும். கால் கிராமில் எத்தனை புழு மாட்டும்? வந்ததெல்லாம் பூஞ்சையும் ஒருசெல் உயிரிகளும். போதாக்குறைக்கு மட்கு கலந்து பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் வினை) பாதி நாள் ஓடவே இல்லை. டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்க வைத்த பிறகுதான் ஜெல்லில் டிஎன்ஏ பட்டை தெரிந்தது.

பழைய ஆள்:
நான் வேலை பார்த்த இடத்தில் அலமாரி நிறைய ஃபார்மலின் குப்பிகள், பல வருட மண் மாதிரிகள். புழுக்கள் நேற்றுப் பிடித்தவை போல இருக்கும். பத்து வருடத்தில் என்ன மாறியது என்று டிஎன்ஏவில் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டு, மூன்று மாதம் ஓட்டி, ஒன்றும் வரவில்லை. ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்துவிடும், துண்டாக்கியும் விடும். இனி சேகரிப்பவர்கள் டிஎம்எஸ்ஓ, இடிடிஏ, கரையும் அளவுக்கு உப்பு சேர்த்த கரைசலில் போடுங்கள். உருவமும் நிற்கும், டிஎன்ஏவும் நிற்கும்.

கொய்யாக்காரன்:
நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஒரு விவசாயி வாடிய கொய்யாக்கன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு நாற்றங்காலில் வாங்கிய கன்றாம், வேர் முழுக்க முண்டும் முடிச்சும். பெண்புழுவின் பின்பக்க ரேகையைப் பார்த்து வேர்முடிச்சுப் புழுவான மெலாய்டோகைன் இன்காக்னிட்டா என்று எழுதிக் கொடுத்தேன். தக்காளியில் அடிக்கடி பார்க்கிறதுதானே. பிறகு சந்தேகத்தில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ துண்டைப் பெருக்கினால், 1,700 சொச்சம் எழுத்து நீளத்தில் வர வேண்டிய பட்டை 705-இல் நிற்கிறது. அது மெலாய்டோகைன் என்டரோலோபியை, இன்னொரு வேர்முடிச்சுப் புழு! சீனாவில் 1983-இல் விவரிக்கப்பட்டது, வேர்முடிச்சுப் புழுவைத் தடுக்கும் தக்காளியின் எம்ஐ எதிர்ப்பு மரபணுவுக்கும் அடங்காதது. இரண்டின் ரேகையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விவசாயியைக் கூப்பிட்டு, "எதிர்ப்பு ரகத் தக்காளியை ஊடுபயிராப் போடாதீங்க, அதுலயும் ஏறிடும்"னு சொன்னேன். "நட்டு இருபது நாளாச்சு தம்பி" என்றார்.

மண்வாசனை:
ஐயோ. அண்ணா, தனிப்புழுவை எதால் எடுப்பீர்கள்?

கொய்யாக்காரன்:
பல்குத்தும் குச்சி நுனியில் ஒட்டிய கண்ணிமை முடிதான். வேறு எதில் எடுத்தாலும் நசுங்குகிறது. ஒருமுறை 18எஸ்ஸுக்காக ஒரு புழுவை எடுத்துக் குழாயில் விட்டேன், பட்டை பளிச்சென்று வந்தது. வரிசையைத் தேடிப் பார்த்தால் மனிதன். புழு நழுவியிருக்கிறது, இமைமுடி உடைந்து உள்ளே விழுந்திருக்கிறது.