கொல்லைப்புறமாக வரும் பல்லவியின் குரல்

கிணற்றடி: அப்பாவுக்குக் கண்புரை. நாட்டுடைமையாக்கப்பட்ட நாவல்களை எட்ஜ்-டிடிஎஸ் மூலம் எம்பி3 ஆக்கிக் கொடுக்கிறேன். எட்ஜ் உலாவி பக்கத்தை வாசித்துக் காட்டுகிறதல்லவா, அதற்குப் பின்னால் இருக்கும் மைக்ரோசாஃப்ட் சர்வரையே நேராகக் கேட்கும் பைத்தான் நிரல் அது. கணக்கும் வேண்டாம், காசும் வேண்டாம். இப்போது எங்கள் ஊர் நூலகத்தில், பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடக்குறிப்புகளையும் இப்படியே செய்து தரச் சொல்கிறார்கள். செய்யலாம்தானே?

எட்டுக்கால்: அப்பாவுக்குச் செய்வதைப் பற்றி நான் பேசவில்லை. மாணவர்களுக்கு வேண்டாம். உலாவிக்காகத் திறந்து வைத்த கதவு அது, நமக்காக அல்ல. 2024 கடைசியில் உலாவி அனுப்புவது போன்ற டோக்கன் (அடையாளக் குறி) இல்லாத அழைப்புகளுக்கெல்லாம் 403, அதாவது 'அனுமதி இல்லை' என்று பதில் வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் அப்படி ஆனால்?

கிணற்றடி: அதைத்தான் சீக்கிரமே சரிசெய்துவிட்டார்களே!

எட்டுக்கால்: யார் செய்தது? சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். அவர்களுக்கும் ஒருநாள் அலுத்துவிடும்.

மல்லிகைப்பந்தல்: எட்டுக்கால் அண்ணே, சட்டம் பேசும் முன்பு காதால் கேட்டுப் பாருங்கள். எட்ஜ்-டிடிஎஸ்ஸில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள். இலங்கைக்குச் சரண்யா, குமார். சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும் இருக்கிறார்கள். ஈஸ்பீக் என்ற இலவச வாசிப்பு நிரலின் இயந்திரக் குரலில் இரண்டு பக்கம் கேட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. முன்பு ஜிடிடிஎஸ் என்ற இன்னொரு வாசிப்பு நிரல் வைத்திருந்தேன், அதுவும் கூகுள் டிரான்ஸ்லேட்டின் கொல்லைப்புறம்தான். ஒரு தடவைக்கு 100 குறியீடுதான் அனுப்பும். ஆங்கிலத்துக்குப் போதும். நமக்கு 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே, கணினி எழுத்து முறையான யூனிகோடில் ஐந்து குறியீடு. நீளமான வாக்கியம் என்றால் நடுவிலேயே துண்டாகி, மூச்சு வாங்குவதுபோல் நின்று நின்று படிக்கும்.

எட்டுக்கால்: குரல் நன்றாக இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அதே பல்லவியை மைக்ரோசாஃப்டின் மேகக்கணினிச் சேவையான அஷூரில் முறையாகவே வாங்கலாம், மாதம் 5 லட்சம் குறியீடு வரை இலவசம்.

மல்லிகைப்பந்தல்: கணக்கு திறக்கும்போதே கார்டு கேட்பார்கள். எங்கள் நூலகரிடம் கிரெடிட் கார்டா! 5 லட்சமும் ஒரு தடித்த நாவலுக்கே சரியாகப் போய்விடும்.

எட்டுக்கால்: பாடக்குறிப்பு நாவல் அளவுக்கு வராது. கார்டுதான் தடை என்றால், ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழு வெளியிட்ட, எழுத்தைப் பேச்சாக்கும் தமிழ் ஏஐ மாதிரியை (மாடலை) இறக்கிச் சொந்தக் கணினியில் ஓட்டுங்கள். நிறுவுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் எந்த சர்வரும் கதவை மூட முடியாது, உரையும் வீட்டைத் தாண்டாது. ஒருவர் தன் மருத்துவ அறிக்கையைப் படிக்க வைத்துக் கேட்க விரும்பினால், அதையும் இந்தக் கொல்லை வழியாகத்தான் அனுப்புவீர்களா?

கிணற்றடி: அறிக்கையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சரி, அந்த மாதிரியை இந்த வாரம் நிறுவிப் பார்க்கிறேன். அதுவரை இந்தப் பருவக் குறிப்புகளைப் பல்லவி குரலிலேயே முன்கூட்டி எம்பி3 ஆக்கி, பென்டிரைவில் கொடுத்துவிடுகிறேன். அப்புறம் கதவு மூடினாலும் கையில் கோப்பு இருக்கும்.

எட்டுக்கால்: 403-க்கு அது பதில். அனுமதிக்கு அல்ல.

மல்லிகைப்பந்தல்: பென்டிரைவில் போடும்போது கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள் கிணற்றடி. போன தடவை எங்கள் பிள்ளைகள் ஏழாம் பாடத்தை முதலில் கேட்டுவிட்டார்கள்.