ஏற்காட்டுக் குளிரில் டர்ன்டேபிள் மெதுவாக ஓடுகிறது – உதவி தேவை

என் டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) காலையில் சரியான வேகத்துக்கு வர மறுக்கிறது. பழைய பெல்ட் டிரைவ் வகை, அதாவது மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும். 12 வோல்ட் டிசி மோட்டார், நிமிடத்துக்கு 33, 45 சுற்று என இரண்டு வேகம். கார்த்திகை தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை. வீடு ஏற்காட்டில்.

லெட் செப்பலின் ராக் குழுவின் இசைத்தட்டை வைத்தால், அதன் பாடகர் ராபர்ட் பிளான்டின் உச்சக்குரல் ஜலதோஷம் பிடித்ததுபோல் இறங்கிவிடுகிறது. டீப் பர்பிள் குழுவின் ஆர்கன் இழுபடுகிறது. அரைமணி நேரம் ஓடிய பிறகு எல்லாம் தானே சரியாகிவிடுகிறது. (அகம், பிளடிவுட் போன்ற புதிய இசைக்குழுவினரைக் கைபேசியில் கேட்பதால் அவர்கள் தப்பித்தார்கள்.)

பெல்ட்டைப் புதிதாக மாற்றினேன். நடு அச்சைத் துடைத்து எண்ணெய் விட்டேன். வேறு அடாப்டரிலும் அதே கதைதான். சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழ் ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நிற்பதுபோல் தெரியும் அட்டை) வைத்துப் பார்த்தால், கோடுகள் நிற்காமல் பின்னோக்கி நகர்கின்றன. சூடேறியதும் அப்படியே நின்றுவிடுகின்றன. வேகத் திருகைக் காலையில் திருப்பி வைத்தால் மதியம் அதிவேகமாகிவிடுகிறது, அதனால் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

வினோதம் என்னவென்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் வைத்தபோது, முதல் சுற்றிலிருந்தே ஒழுங்காக ஓடியது. அக்காவோ, "இதில் என்னடா கோளாறு?" என்று கேட்டார்.

இன்னும் மோட்டாரைப் பிரிக்கவில்லை. குளிரில் மட்டும் வேகம் குறைகிறதென்றால், மோட்டாருக்குள் கெட்டியான பழைய எண்ணெய் காரணமா, அல்லது வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள மின்தேக்கியா?